இருமலுக்கு எத்தனை நாள்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஷிப்ட் முடிந்து ஆட்கள் வெளியே வரும் நேரத்தில், பக்கத்து மெடிக்கல் கடைகளில் அடிக்கடி காதில் விழுவது இது: “அண்ணா, சளி, உடம்பு வலி, ஒரு செட் குடுங்க.” கடைக்காரர் நாலைந்து அட்டைகளிலிருந்து ஒவ்வொரு மாத்திரையாகக் கத்தரித்துச் சின்னக் காகித உறையில் போட்டு, காலையில் ஒன்று இரவில் ஒன்று என்று சொல்லிக் கொடுப்பார். உறையின்மேல் மருந்தின் பெயர் இருக்காது. கத்தரித்த துண்டிலும் பாதிப் பெயர்தான் இருக்கும். வாங்குகிறவர் அதைக் கேட்பதுமில்லை. நாளைக்கு வேலைக்குப் போக முடியுமா என்பதுதான் அவருடைய கவலை. ஆவடி, பட்டாபிராம், திருமுல்லைவாயல், பூந்தமல்லி, குமணன்சாவடி என்று மேற்குப் புறநகர் முழுக்க இந்த வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. இதைப் பொறுப்பின்மை என்று திட்டிவிட்டுப் போவதில் பயனில்லை. இதன் வேரில் இருப்பது ஓர் எளிய தகவல் குறைபாடு. சளி, இருமல், காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இடுப்பு வலி ஆகிய அன்றாடத் தொல்லைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நாள்கணக்கு உண்டு. அந்தக் கணக்கை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. அதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் எதைச் செய்யலாம், எதைத் தொடக்கூடாது, எந்த நேரத்தில் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற மூன்றும் தெளிவாகிவிடும். வீட்டு வைத்தியத்தில் மருந்தைவிட முக்கியமானது இந்தக் கணக்குதான் என்பது என் வாதம்.

இருமலையே எடுத்துக்கொள்வோம். 2013-ல் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்க் எபெல் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் இரண்டு வேலைகளைச் செய்தார்கள். திடீரென்று வரும் இருமல் எத்தனை நாளில் போகும் என்று பொதுமக்களிடம் கேட்டார்கள். 7 முதல் 9 நாள் என்று பதில் வந்தது. பிறகு, அதுவரை வெளியான ஆய்வுகளைத் தொகுத்து உண்மையான கணக்கைப் பார்த்தார்கள். சராசரி 17.8 நாள். இந்தப் பத்து நாள் இடைவெளியில்தான் அத்தனை தேவையற்ற மருந்தும் நுழைகிறது. ஏழாவது நாள் இருமல் நிற்கவில்லை என்று ஒரு செட் வாங்குகிறோம். பத்தாவது நாள் “இது கேக்கல, பவரா வேற குடுங்க” என்கிறோம். பதினான்காம் நாள் ஒரு கிளினிக்கில் ஊசி. பதினேழாம் நாள் இருமல் அதன் போக்கில் ஓய்கிறது. ஊசி போட்டவருக்குக் கைராசிக்காரர் என்ற பெயர் கிடைக்கிறது. அடுத்த முறை முதல் நாளே அவரிடம் போகிறோம். மூக்கொழுகும் ஜலதோஷமும் இப்படித்தான்: இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போய், ஏழிலிருந்து பத்து நாளுக்குள் வடியும். சளி பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறினால் பாக்டீரியா புகுந்துவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். கிருமியோடு போராடும் வெள்ளணுக்கள் சேர்வதாலும் அந்த நிறம் வரும். நிறத்தை மட்டும் வைத்து ஆன்டிபயாடிக் எடுப்பதற்கு ஆதாரமில்லை.

வைரஸால் வரும் சளிக்கு ஆன்டிபயாடிக் எதுவும் செய்யாது, சரி, சாப்பிட்டால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கலாம். கெட்டுக்கொண்டிருப்பதற்கான சான்று நம் நகரத்திலேயே கிடைத்தது. 2010-ல் எந்த ஆன்டிபயாடிக்குக்கும் எளிதில் மசியாத கிருமிகளைப் பற்றி ‘லான்செட்’ குழும இதழில் வெளியான ஆய்வுக்கு முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமி. என்.டி.எம்-1 என்ற மரபணுவைச் சுமந்த 44 கிருமி மாதிரிகள் சென்னையிலிருந்து கிடைத்தவை. இரண்டு ஆண்டு கழித்து, 2012 ஆகஸ்டில், நாடெங்குமிருந்து மருத்துவச் சங்கத்தினர் சென்னையில் கூடி ஆன்டிபயாடிக் பயன்பாட்டைக் கட்டுப்படுத்த ஒரு திட்டம் வகுத்தார்கள். ‘சென்னைப் பிரகடனம்’ என்று அது உலக மருத்துவ உலகில் அறியப்படுகிறது. முக்கியமான ஆன்டிபயாடிக்குகளை எச்1 என்ற தனிப் பட்டியலில் சேர்த்து, மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, விற்றால் பதிவேட்டில் எழுத வேண்டும் என்ற விதி 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. விதி இருக்கிறது, செட்டும் இருக்கிறது. இந்தியத் தனியார் சந்தையில் 2019-ல் மிக அதிகமாக உட்கொள்ளப்பட்ட ஆன்டிபயாடிக் அஸித்ரோமைசின் 500 மி.கி. மாத்திரை என்று 2022-ல் வந்த ஆய்வு சொல்கிறது. தொண்டை கரகரத்தாலே பலர் கேட்டு வாங்குவது அதைத்தான். பெயரில்லாத உறைக்குள் சில சமயம் ஸ்டீராய்டும் சேர்ந்துவிடுகிறது. மறுநாளே உடம்பு லேசாகி, பசியெடுத்து, சுறுசுறுப்பு வருவதற்கு அதுதான் காரணம். நோய் அங்கேயே இருக்கும். சர்க்கரை நோயாளி என்றால் சர்க்கரை எகிறும்.

குழந்தைகளின் இருமலில் இந்த அவசரம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைப் பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் சுங்குவார்சத்திரம் 2025-ல் காட்டியது. அங்கே ஸ்ரீசன் பார்மா என்ற ஆலையில் தயாரான ‘கோல்ட்ரிஃப்’ என்ற சளி மருந்து மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாடா மாவட்டத்துக்குப் போனது. அதைக் குடித்த 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். பெரும்பாலோர் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதித்தபோது, 0.1 சதவீதத்துக்குமேல் இருக்கக் கூடாத டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு 48.6 சதவீதம் இருந்தது. கலப்படம் செய்தவர்களின் குற்றம் அது, பெற்றோரின் குற்றமல்ல. ஆனால் அந்தக் குழந்தைகளில் பலருக்கு வந்திருந்தது சாதாரணச் சளிக் காய்ச்சல். அந்தப் பாட்டிலில் நச்சே இல்லாமல் இருந்திருந்தாலும் பெரிய பலன் கிடைத்திருக்காது என்பதுதான் மனதைப் பிசைகிறது. அதிலிருந்த குளோர்ஃபெனிரமைன், ஃபினைலெஃப்ரின் கூட்டை நான்கு வயதுக்குக் கீழே தரக் கூடாது என்று மத்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை 2023 டிசம்பரிலேயே சொல்லியிருந்தது. இறப்புகளுக்குப் பிறகு, 2025 அக்டோபரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து எழுதவே கூடாது, ஐந்து வயதுக்குக் கீழே பொதுவாகத் தேவையில்லை என்று மத்திய சுகாதாரத் துறை அறிவுறுத்தியது.

அப்படியானால் இருமும் குழந்தைக்கு வீட்டில் செய்ய என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. ஒரு வயது தாண்டிய குழந்தைக்குப் படுக்கும் முன் அரை ஸ்பூன் தேன் கொடுக்கலாம். இரவு இருமலைத் தேன் ஓரளவு தணிப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஒரு வயதுக்குள் தேன் கூடவே கூடாது. பாட்டுலிசம் என்ற கொடிய நச்சுநோய்க்கு அது வழிவிடலாம். மூக்கடைப்புக்கு மெடிக்கலில் கிடைக்கும் உப்புநீர்ச் சொட்டு போதும். பால் குடிக்கும் குழந்தைக்கு அடிக்கடி பால், பெரிய குழந்தைக்கு வெதுவெதுப்பான ரசமோ கஞ்சியோ கொடுக்கலாம். இவை எல்லாவற்றையும்விட உதவுவது ஒரு கடிகாரம். குழந்தை அழாமல் அமைதியாக இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, முழுதாக ஒரு நிமிடம் மூச்சை எண்ண வேண்டும். இரண்டு மாதத்துக்குக் குறைந்த சிசுவுக்கு 60, இரண்டு முதல் பன்னிரண்டு மாதம் வரை 50, ஒன்று முதல் ஐந்து வயது வரை 40. நிமிடத்துக்கு இந்த எண்ணிக்கையைத் தொட்டாலோ தாண்டினாலோ, மூச்சிழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுந்தாலோ, குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ நிமோனியாவாக இருக்கலாம். அப்போது எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் மருத்துவமனைக்குத் தூக்கிப்போக வேண்டும். கிராமச் செவிலியர்கள் பல பத்தாண்டுகளாகக் கையாளும் கணக்கு இது. அதைத் தாய்மார்கள் கற்றுக்கொள்ள ஐந்து நிமிடம் போதும்.

காய்ச்சலுக்கு வருவோம். உடல் தன் வெப்பத்தை உயர்த்திக்கொள்வது கிருமியை எதிர்க்கும் வழிகளில் ஒன்று. தெர்மாமீட்டரில் எண்ணைக் குறைப்பது நம் வேலையில்லை, நோயாளியின் உடல்வலியையும் சோர்வையும் குறைத்து அவரைத் தண்ணீர் குடிக்க வைப்பதுதான் வேலை. அதற்குப் பாராசிட்டமால் போதும். குழந்தைக்கு எடையைக் கணக்கிட்டுக் கொடுக்க வேண்டும்: ஒரு கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி., நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், ஒரு நாளைக்கு நான்கு வேளைக்கு மிகாமல். பத்து கிலோ குழந்தைக்கு 100 முதல் 150 மி.கி. இங்கே ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கிறது. சிரப்பாக விற்பது 5 மில்லியில் 125 மி.கி. என்றும் 250 மி.கி. என்றும் இரண்டு வீரியத்தில் வருகிறது. கைக்குழந்தைக்கான சொட்டு மருந்திலோ ஒரு மில்லியிலேயே 100 மி.கி. இருக்கும். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தை ஒரு ஸ்பூன் ஊற்றினால் 500 மி.கி. போய்விடும். பெரியவர்களுக்கும் கணக்கு உண்டு. ஒரு நாளில் 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது. மெலிந்தவர்களும் மது அருந்துபவர்களும் அதைவிடக் குறைவாகவே எடுக்க வேண்டும். சளி மாத்திரைகள் பலவற்றில் ஏற்கெனவே பாராசிட்டமால் கலந்திருக்கிறது. பெயர் தெரியாத செட்டோடு தனியாகவும் ஒன்று விழுங்கினால் கல்லீரல்தான் தாங்க வேண்டும்.

நாள்கணக்கு உயிரைக் காக்கும் இடம் என்றால் அது டெங்கு. வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, கொரட்டூரிலிருந்து பட்டாபிராம் வரை தேங்கும் நல்ல தண்ணீரிலும், மாடியில் கிடக்கும் டயரிலும், கட்டட வேலை நடக்கும் இடத்துத் தொட்டியிலும் ஏடிஸ் கொசு பெருகும் காலத்தில், எந்தக் காய்ச்சலையும் டெங்குவாக இருக்கலாம் என்றே கருத வேண்டும். டெங்குவில் காய்ச்சல் இரண்டு முதல் ஏழு நாள் அடிக்கும். பிறகு இறங்கும். வீடே நிம்மதி அடையும் அந்த நேரம்தான் அபாயமானது. இறங்கிய பிறகான 24 முதல் 48 மணி நேரத்தில் ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழக்கூடும். கடுமையான வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கைகால் சில்லிடுதல், அசாதாரணச் சோர்வு, சிறுநீர் குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் வீட்டில் வைத்திருக்கக் கூடாது. காய்ச்சல் விட்டுவிட்டதே என்று பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நாளும், மாத்திரை வேலை செய்துவிட்டது என்று தொழிலாளி ஷிப்டுக்குத் திரும்பும் நாளும் இதுவாக அமைந்துவிடுகிறது. இன்னொன்றும் உண்டு. ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் டெங்குவில் ரத்தக்கசிவைத் தூண்டலாம். உடம்பு வலிக்கு என்று கட்டித்தரும் செட்டில் இவற்றில் ஒன்று இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. நிலவேம்புக் குடிநீரைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2012 டெங்குப் பரவலின்போது தமிழக அரசு அதை மருத்துவமனைகளில் வழங்கியது. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பர்ப்பாடகம் என்று ஒன்பது சரக்கு சேர்ந்தது. காய்ச்சல்காரர் அதைக் குடிப்பதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் டெங்குவின் போக்கையே அது மாற்றிவிடும் என்பது பெரிய மனித ஆய்வுகளில் நிறுவப்படவில்லை. அதைக் குடித்தாயிற்று என்ற தைரியத்தில் அந்த இரண்டு நாள் கண்காணிப்பைக் கைவிடுவதுதான் தவறு.

வயிற்றுப்போக்கில் வீடு எவ்வளவு பெரிய மருத்துவமனையாக முடியும் என்பதற்கு இந்தியாவில் நடந்ததைவிடச் சிறந்த சான்று உலகத்தில் இல்லை. 1971-ல் வங்கதேசப் போரின்போது எல்லையோரம் பன்காவில் இருந்த அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் திரவம் தீர்ந்துபோக, திலீப் மகலநாபிஸ் என்ற கல்கத்தா மருத்துவர் சர்க்கரையும் உப்பும் கலந்த நீரைப் பெரிய பீப்பாய்களில் வைத்து, நோயாளிகளின் உறவினர்களையே ஊட்டச் சொன்னார். 30 சதவீதம் வரை இருந்த இறப்பு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. மருத்துவப் பயிற்சியே இல்லாத அம்மாக்களும் அண்ணன்மார்களும் கையில் டம்ளரோடு உட்கார்ந்து சாதித்தது அது. சர்க்கரை குடல் சுவரில் உப்பை இழுத்துக்கொண்டு உள்ளே போகும், உப்பின் பின்னால் நீரும் போகும். இவ்வளவுதான் அதன் அறிவியல். இன்றைய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டில் ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பு, 13.5 கிராம் குளுக்கோஸ், 1.5 கிராம் பொட்டாசியம் குளோரைடு, 2.9 கிராம் சிட்ரேட் இருக்கின்றன. நம் கஞ்சிக்கும் இதில் பங்குண்டு. வேலூர் சி.எம்.சி.யில் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர், எளிதில் செரிக்காத மாவுச்சத்தை ஓ.ஆர்.எஸ்.ஸோடு சேர்த்தால் காலரா நோயாளிகளின் பேதி குறைகிறது, சீக்கிரம் நிற்கிறது என்று 2000-ல் காட்டினார்கள். பெருங்குடலில் உள்ள நல்ல பாக்டீரியாக்கள் அந்த மாவைப் புளிக்க வைத்து உண்டாக்கும் அமிலங்கள் உப்பையும் நீரையும் இழுக்கின்றன. அவர்கள் பயன்படுத்தியது மக்காச்சோள மாவு. சமைத்து ஆறிய சோற்றிலும் அந்த வகை மாவு கொஞ்சம் உருவாகிறது. பேதிக்காரருக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுத்த பாட்டிமார்கள் சரியான திசையில்தான் நின்றார்கள்.

பெரும்பாலான வயிற்றுப்போக்கு சில நாளில் தானாக நிற்கும். அதுவரை வெளியேறும் நீருக்கு ஈடாக நீர் உள்ளே போக வேண்டும். குழந்தைக்குச் சாப்பாட்டை நிறுத்தக் கூடாது, தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. குழந்தைக்கு 10 முதல் 14 நாள் துத்தநாக மாத்திரையும் கொடுக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இது இலவசமாகக் கிடைக்கும். பாக்கெட் வாங்கும்போது கண்ணைத் திறந்து படிக்க வேண்டும். பழச்சாறு போல இனிக்கும் பானங்களை ஓ.ஆர்.எஸ். என்ற பெயரோடு அட்டைப்பெட்டியில் விற்றுவந்தார்கள். அவற்றில் சர்க்கரை அதிகம், உப்பு குறைவு. அது பேதியைக் கூட்டும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல ஆண்டுகள் போராடியதன் விளைவாக, 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அந்தப் பெயரைப் பானங்களில் பயன்படுத்தத் தடைவிதித்தது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. உப்பு அதிகமானால் ஆபத்து என்பதால் பாக்கெட்டே நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அம்பத்தூரும் ஆவடியும் பூந்தமல்லியும் நாட்கணக்கில் தண்ணீரில் நின்றதை மறக்க முடியாது. சாக்கடை குடிநீரோடு கலக்கும் அப்படிப்பட்ட நாட்களில், கடை திறக்கும்வரை காத்திராமல் நான்கு பாக்கெட் வீட்டிலேயே இருக்க வேண்டும். மலத்தில் ரத்தம், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, குழிவிழுந்த கண், மயக்கம் என்று கண்டால் வீட்டுக் கணக்கு முடிந்தது.

இடுப்பு வலியை விரைவாகச் சொல்லிவிடலாம். நாள் முழுக்க மிஷின் முன்னால் நிற்பவருக்கும், தொழிற்பேட்டையை ஒட்டிய ஐ.டி. கட்டடங்களில் நாற்காலியைவிட்டு எழாதவருக்கும் பொதுவான தொல்லை இது. படுத்தே கிடந்தால் சரியாகும் என்பது பழைய நம்பிக்கை. 1995-ல் ஹெல்சிங்கி மாநகராட்சி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், படுத்து ஓய்வெடுத்தவர்களைவிட முடிந்த அளவு அன்றாட வேலையைத் தொடர்ந்தவர்கள் சீக்கிரம் தேறினார்கள். வெந்நீர் ஒத்தடம் வலியைக் குறைக்கும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குறையும். கால் மரத்துப்போவது, பலம் குறைவது, சிறுநீரை அடக்க முடியாமல் போவது, காய்ச்சலோடு வரும் முதுகுவலி ஆகியவை இந்தக் கணக்கில் சேராது. வலி மாத்திரையை மாதக்கணக்கில் தினமும் விழுங்குவது சிறுநீரகத்துக்கு நல்லதல்ல. ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருப்பவருக்கு இன்னும் மோசம்.

காத்திருக்கச் சொல்வது ஆபத்தில்லையா என்று ஒரு வாசகர் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. காத்திருக்கவே கூடாத ஒன்று நம் வீடுகளில் தினமும் நடக்கிறது. நடு நெஞ்சில் அழுத்தம், வியர்வை, இடது தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி வந்தால் “வாயு பிடிச்சிருக்கு” என்று சோடாவும் ஓமத் தண்ணீரும் கொடுத்துவிட்டுப் படுக்க வைக்கிறோம். மாரடைப்பில் ஒவ்வொரு நிமிடமும் இதயத் தசை செத்துக்கொண்டிருக்கும். சர்க்கரை நோயாளிக்கு வலியே தெரியாமல் மூச்சுத்திணறல் மட்டும் வரலாம். 2023 முதல் ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே முதல்கட்ட மாத்திரைகளைக் கொடுத்துப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். 108-ஐ அழைப்பதற்கு முன் சோடா வாங்க ஆள் அனுப்பக் கூடாது. கர்ப்பிணிகள், மூன்று மாதத்துக்குக் குறைந்த சிசுக்கள், முதியவர்கள், சர்க்கரை, சிறுநீரக நோய் உள்ளவர்கள் யாருக்குமே மேலே சொன்ன நாள்கணக்குகள் அப்படியே பொருந்தாது. அவர்கள் முதல் நாளே காட்டிவிடுவது நல்லது.

இன்னும் கூர்மையான ஆட்சேபம் ஒன்று உண்டு. இருமல் 18 நாள் இருக்கும் என்கிறீர்கள், இரண்டு வாரம் இருமினால் காசநோய்ச் சோதனை செய்யச் சொல்கிறது அரசு, எதைக் கேட்பது? இரண்டையும் கேட்கலாம். இரண்டு வாரம் ஆனதும் செய்ய வேண்டியது சளிப் பரிசோதனை. அது அரசு நிலையங்களில் இலவசம். கூடாதது, அந்த நேரத்தில் கடையில் இன்னொரு ஆன்டிபயாடிக் வாங்குவது. லெவோஃப்ளாக்ஸசின் போன்ற சில மருந்துகள் காசநோய்க் கிருமியைத் தற்காலிகமாக அடக்கி, நோய் கண்டுபிடிக்கப்படுவதைத் தள்ளிப்போட்டுவிடும். ஒரே அறையில் பத்துப் பேர் முறைவைத்துத் தூங்கும் வெளிமாநிலத் தொழிலாளர் குடியிருப்புகளில் அந்தத் தாமதத்தின் விலை அதிகம். காசநோயிலேயே வீட்டின் வலிமையை உலகத்துக்குக் காட்டிய நகரம் இது. 1956-ல் சேத்துப்பட்டில் தொடங்கிய ஆய்வு மையம், சானடோரியத்தில் ஓராண்டு வைத்து நல்ல உணவும் ஓய்வும் கொடுத்தவர்களையும், நெருக்கடியான வீட்டில் இருந்தபடியே அதே மருந்தைச் சாப்பிட்டவர்களையும் ஒப்பிட்டது. குணமடைவதில் பெரிய வேறுபாடில்லை, வீட்டாருக்குத் தொற்றும் கூடவில்லை என்று 1959-ல் முடிவு வெளியானது. அதன்பின் உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படத் தொடங்கின. சரியான நோயறிதலும், பெயர் தெரிந்த மருந்தும், தவறாமல் வந்து பார்க்கும் சுகாதாரப் பணியாளரும் இருந்ததால் வீடு போதுமானதாயிற்று.

பாட்டி வைத்தியம் இயற்கையானது, பக்கவிளைவே இல்லாதது என்ற வாதத்தையும் நான் ஏற்கவில்லை. சுக்கு கசாயம், ரசம், ஒத்தடம், உப்புநீரால் கொப்பளித்தல் எல்லாம் ஆறுதல் தருபவை, தொடரட்டும். கற்பூரத்தை எண்ணெயில் காய்ச்சிக் கைக்குழந்தைக்குத் தேய்ப்பதும் அது வாயில் போவதும் வலிப்பை உண்டாக்கும். சிசுவுக்கு வசம்பு உரைத்து ஊற்றுவது வாந்தியையும் புரையேறுதலையும் கொண்டுவரும். காதில் சூடான எண்ணெய் விடக் கூடாது. கொதிக்கும் பாத்திரத்தில் குழந்தையை ஆவி பிடிக்க வைத்து வெந்துபோனவர்கள் தீக்காயப் பிரிவுகளுக்கு வருகிறார்கள். ஆவியால் சளி சீக்கிரம் போகும் என்பதற்கு உறுதியான சான்றும் இல்லை. தீப்பட்ட இடத்தில் பற்பசையோ மாவோ இங்க்கோ பூசாமல் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும்.

கடைசியாக, கூலிக்காரரின் ஆட்சேபம். எல்லாவற்றிலும் கனமானது அதுதான். ஒரு நாள் போகாவிட்டால் ஒரு நாள் சம்பளம் போய்விடும், பத்து நாள் சளி தானாகப் போகட்டும் என்று இருக்க யாரால் முடியும்? உண்மை. ஆனால் செட் மாத்திரையின் ஆன்டிபயாடிக்கால் அந்தப் பத்து நாள் ஒன்பதாகக்கூடக் குறைவதில்லை. உடம்பு வலியைத் தணித்து அவரை நடமாட வைப்பது அதிலுள்ள பாராசிட்டமால். அதைத் தனியாக வாங்கினால் சில ரூபாய்தான். ஓய்வு தேவைப்படும் காய்ச்சலுக்கு மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவருக்கு இ.எஸ்.ஐ. இருக்கிறது. தகுதியான சந்தா நாட்கள் இருந்தால் ஆண்டுக்கு 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் நோய்க்கால உதவியாகக் கிடைக்கும். முதல் இரண்டு நாளுக்குக் கிடைக்காது என்பது அதன் பெரிய ஓட்டை, சாதாரணக் காய்ச்சல்காரர் விழுவதும் அதில்தான். ஒப்பந்தத் தொழிலாளர் பலருக்குச் சந்தா பிடிக்கிறார்களா என்பதே தெரியாது. காய்ச்சலோடு வேலைக்கு வருபவர் பக்கத்து மிஷின்காரருக்கும் தொற்ற வைப்பார் என்பதை ஆலைகள் கணக்கில் எடுத்தால், அந்த இரண்டு நாள் சம்பளத்தை அவர்களே கொடுப்பது இழப்பாகத் தெரியாது.

கடைக்காரர் செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. மாத்திரையை உதிரியாகக் கத்தரித்தாலும், உறையின் மேல் ஒவ்வொன்றின் பெயரையும் வீரியத்தையும் தமிழில் எழுதிக் கொடுக்கலாம். மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை இதைக் கட்டாயமாக்க வேண்டும். ஆங்கிலமும் தமிழும் படிக்கத் தெரியாத ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கு இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும். அதுவரை வாங்குபவர் கேட்கலாம்: “அண்ணா, இதுல ஆன்டிபயாடிக் இருக்கா? ஸ்டீராய்டு இருக்கா? வலி மாத்திரை எது? அத எடுத்துட்டுக் குடுங்க.” பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்க வேண்டியதில்லை. ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி அரசு மருத்துவமனைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. வேலை முடிந்து வருபவர்களுக்காக மாலையிலும் திறந்திருக்கும் நகர்ப்புற நல்வாழ்வு மையங்கள் 2023 முதல் இயங்குகின்றன. நள்ளிரவில் சந்தேகம் வந்தால் 104 உதவி எண்ணில் கேட்கலாம். கூப்பிடும்போது காய்ச்சல் தொடங்கிய தேதி, குழந்தையின் எடை, கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், கொடுத்த நேரம் ஆகிய நான்கையும் சுவர்க் காலண்டரில் எழுதி வைத்திருந்தால் மறுமுனையில் இருப்பவரால் உடனே வழிசொல்ல முடியும்.